நம்ம ஆளு

"இன்னிக்கு உள்ள கால் வெக்கிறவன் நம்ம கிளப்புக்குத் துரோகி!"

சலூன்காரரின் குரல் ஸ்டேடியத்தின் முன்வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை கேட்டது. சும்மாவா அவருக்கு 'சைரன்' என்று பெயர் வைத்தார்கள்? கேலரியில் அவர் ஒரு சத்தம் கொடுத்தால் மைதானத்தில் ஆடுகிறவனுக்கே காது அடைக்கும்.

"சீசன் நடுவுல கோல்கீப்பரை வித்தது யாரு?"

"சேர்மன்!"

"பெயின்ட் கம்பெனிக்காரன் கேட்டான்னு நம்ம பச்சைச் சட்டையை ரோஸாக்குனது யாரு?"

"சேர்மன்!"

"அப்ப இன்னிக்கு அவர் மட்டும் தனியா உக்காந்து பாக்கட்டும். காலி நாற்காலிங்க கை தட்டுதான்னு பாத்துடலாம்!"

விசில் பறந்தது. ஆட்டம் தொடங்க நேரமும் நெருங்கியது. சாதாரண ஆட்டமா அது? ஜெயித்தால் முதல் டிவிஷனில் தங்கலாம். இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டியதுதான்.

முதலில் நெளிந்தவர் டெய்லர். "அண்ணே, மாமியாருக்கு ஒடம்பு சரியில்ல. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

"வீட்ல கேஸ் தீந்து போச்சு," என்றார் மருந்துக்கடைக்காரர்.

லேத் பட்டறைக்காரருக்குத் திடீரென்று பல்வலி.

"போங்க, போங்க. உள்ள மட்டும் போயிடாதீங்க," என்று பெருந்தன்மையாக அனுப்பிவைத்தார் சைரன். போராட்டத் தட்டியை வாசல் கம்பியில் கட்டினார். "நானும் கடையைத் தெறக்கணும்," என்று போகிறவர்களின் முதுகிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

கடைக்குப் போகிற வழியில் ஸ்டேடியத்தின் பின்வாசல் வராது. அன்று வந்தது.

பின்வாசல் எதிரணி ரசிகர்களுக்கு. பையிலிருந்து எதிரணியின் நீலச் சட்டை, தொப்பி, மாஸ்க் எல்லாம் வெளியே வந்தன. மாட்டிக்கொண்டு உள்ளே போனால், கேலரி முழுக்க நீலம். எல்லார் முகத்திலும் மாஸ்க். காய்ச்சல் சீசன் போலிருக்கிறது.

எதிர்ப்பக்கம் சொந்த கேலரி வெறிச்சோடிக் கிடந்தது. சைரனுக்கு நெஞ்சு விம்மியது. சொன்ன சொல் தவறாத பசங்க!

ஆனால் சுற்றிலும் பகைவர்கள். வாயைத் திறந்தால் குரலே காட்டிக்கொடுத்துவிடும். தர்ம அடியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். நாளைக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊரார் முகங்களைச் சவரம் செய்வது?

தொப்பியைக் கழற்றி, மாஸ்க்குக்கு அடியில் நுழைத்து வாயில் கடித்துக்கொண்டார்.

ஆட்டத்தில் அனல் பறந்தது. பந்து ஒருமுறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒருமுறை புதுக் கோல்கீப்பரே கண்ணை மூடிக்கொண்டு தடுத்துவிட்டான். கோல் மட்டும் விழவில்லை. தொப்பியின் விளிம்பில் பாதி, சைரனின் வயிற்றுக்குள் போயிருந்தது.

கடைசி நிமிடம். ரோஸ் சட்டைக்காரன் ஒருவன் பந்தோடு ஓரமாகப் பறந்தான்.

"டேய், நடுவுல நம்ம ஆளு சும்மா நிக்கிறான்டா, குடுடா!" என்று முனகினான் பக்கத்து மாஸ்க்.

சைரன் திரும்பினார். பந்து இருப்பது ரோஸிடம். அப்படியென்றால் இந்த நீலச் சட்டைக்கு 'நம்ம ஆளு' யார்? 'அவங்க ஆளு' என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? வேஷம் எவ்வளவு பலமாக இருந்தாலும், அவசரத்தில் 'நம்ம' நழுவிவிடும்.

இலக்கணம் பார்க்க நேரமில்லை. பந்து நடுவுக்கு வந்தது. நம்ம ஆள் உதைத்தான். வலை குலுங்கியது.

"கோ...ஓ...ல்!"

சைரன் அலறிவிட்டது!

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து முதுகைக் கொடுத்தார். அடி விழவில்லை. கட்டிப்பிடி விழுந்தது. நீல கேலரியே எகிறிக் குதித்துக்கொண்டிருந்தது. மாஸ்க்குகள் பறந்தன. பக்கத்து ஆள் டெய்லர்.

"மாமியார் எப்படிய்யா இருக்காங்க?"

"நல்லாயிருக்காங்கண்ணே! கடை தெறந்தாச்சா?"

பின்வரிசையில் லேத் பட்டறைக்காரர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார்.

"ஆமா, நெஜமான நீலச் சட்டைக்காரங்க எல்லாம் எங்கடா?" என்றார் மருந்துக்கடைக்காரர். இறுதி விசிலில் அந்தக் கேள்வி காணாமல் போனது. ஜெயித்தாயிற்று!

தோளில் கை போட்டபடி, தட்டியை அவிழ்க்க முன்வாசலுக்கு வந்தார்கள். அங்கே வரிசையாக வெளியூர் வேன்கள். தட்டிக்குக் கீழே, தரையில், நூற்றுக்கணக்கான நீலச் சட்டைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன.

டிரம் மாட்டியிருந்த தடித்த ஆள் ஒருவர் எழுந்தார். சைரனின் நீலச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னிக்கு இவங்க கிளப்புக்கு வந்தது நாளைக்கு நம்ம கிளப்புக்கும் வரும்னுதானே நாங்க டிக்கெட்டே வாங்காம வெளிய உக்காந்துட்டோம்? இந்த ஊர்க்காரங்க ஒருத்தர்கூட உள்ள போகலையாம். நம்ம ஆளுங்க நீங்க போயிட்டு வரீங்களே, வெக்கமா இல்ல?"