ஏரியை ஒரு சுற்று

"சீட்டை இன்னும் கொஞ்சம் ஏத்துப்பா. முட்டி இடிக்குது."

வாடகை சைக்கிள் கடை வாசலில் குனிந்திருந்த அப்பா நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவர் நினைப்பில் அவள் இன்னும் இடுப்புயரம்தான். அந்தக் கணக்கில்தான் இருக்கையை இறக்கி வைத்திருந்தார். எதிரே நின்றவளோ அவர் தோளைத் தாண்டியிருந்தாள்.

"எப்ப இவ்வளவு வளர்ந்தே?"

"நீ பார்க்காதப்பதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவருக்குத்தான் திருகாணி கையிலிருந்து நழுவியது.

மூன்றாவது சைக்கிளில் மீசைக்காரர் ஏறினார். கூட வேலை பார்க்கிறவர், ஏரியைப் பார்த்ததே இல்லையாம், அதான் அழைத்து வந்தேன் என்று அப்பா காலையிலேயே அறிமுகம் செய்து வைத்திருந்தார். நல்ல சரீரம். ஒவ்வொரு மிதிக்கும் சைக்கிள் முனகியது.

"மாமா, கியரைக் குறைங்க. இல்லேன்னா முதல் மேட்டுலயே உட்கார்ந்துடுவீங்க."

"மேடு வேற இருக்கா?" என்றார் அவர் பரிதாபமாக.

கோடை வெயிலில் ஏரி கண்ணைக் கூச வைத்தது. பாதை தண்ணீரை ஒட்டியே வளைந்து வளைந்து போனது. படகுத்துறை, வாத்துகள் கூடும் நாணல் திட்டு, பழைய கல்பாலம் என்று மகள் கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டே முன்னால் போனாள். அப்பா பார்த்ததெல்லாம் அவள் முதுகில் துள்ளிய பின்னலை மட்டும்தான். மீசைக்காரர் கொஞ்சம் பின்னால், இரைக்க இரைக்க, ஆனால் விடாமல் வந்தார்.

பறவை பார்க்கும் கோபுரத்தில் ஏறினார்கள். மேலே ஒரு பெரிய தொலைநோக்கி இருந்தது.

"அப்பா, அந்தக் கரையைப் பாரு. நீலத் தண்ணித் தொட்டி தெரியுதா? அதுக்குக் கீழதான் நம்ம வீடு."

அவர் கண்ணை வைத்தார். தொட்டி தெரிந்தது. அதன் கீழே கூரைகள். ஒரு மொட்டைமாடியில் துணி காய்ந்தது. அது தன் வீட்டுத் துணியாக இருக்கக்கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

"போதும்பா, பின்னால ஆள் நிக்கிறாங்க."

மர நிழலில் உட்கார்ந்து, அவளே கட்டிக்கொண்டு வந்த ரொட்டியையும் அவித்த முட்டையையும் மூவரும் தின்றார்கள். மீசைக்காரருக்கு ஒரு முட்டை கூடுதலாகவே கிடைத்தது.

"கப்பல்ல சமையல் ரொம்பக் கஷ்டமாப்பா?"

"நூத்துக்கணக்குல ஆளுங்க, கண்ணு. ஒரு அண்டா சோறு வடிக்கிறதுக்குள்ள இடுப்பு விட்டுப்போகும்."

"உன் ரூம்ல ஜன்னல் இருக்கா?"

"இருக்கு. சின்னதா, உசரத்துல."

"அதுல என்ன தெரியும்?"

"வானம்."

"கடல் தெரியாதா?"

அப்பா முட்டை ஓடுகளைப் பொறுக்கத் தொடங்கினார். மீசைக்காரர் முட்டையை விழுங்கிவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மகளே முந்திக்கொண்டாள்.

"உசரத்துல இருந்தா எப்படித் தெரியும்? வானம்தான் தெரியும். நானும் ஒரு லூசு."

சொல்லிவிட்டு அப்பாவின் சட்டையில் சிந்தியிருந்த ரொட்டித் தூளைத் தட்டிவிட்டாள்.

வெயில் தணிந்தது. மீசைக்காரர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"பாலம் வரைக்கும் இன்னொரு தடவை போயிட்டு வந்துடலாமா?" என்று கேட்டார் அப்பா. மகளிடம் அல்ல, அவரிடம்.

மீசைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தொடையைத் தடவிக்கொண்டார். "பாலம் வரைக்கும்தான். அப்புறம் மேலிடத்துல என் தலை உருளும்."

இந்த முறை அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினார்கள். "எப்பப்பா திரும்பி வருவே?" என்று அவள் கேட்பாள் என்று அவர் பயந்துகொண்டே வந்தார். அதற்கென்று ஒரு பொய்யை மெருகேற்றி நாக்கு நுனியில் வைத்திருந்தார். பாலம் வந்தது. திரும்பினார்கள். அவள் கேட்கவே இல்லை. தப்பித்தோம் என்றிருந்தது. கேட்கவில்லையே என்றும் இருந்தது.

"அப்பாகிட்ட ஏதாவது கேக்கணுமா, குட்டி?"

"ஒண்ணும் இல்லப்பா. மெதுவா ஓட்டு, போதும்."

கடைக்கு வந்ததும் சைக்கிள்களை ஒப்படைக்க அவர் மட்டும் உள்ளே போனார். கடைக்காரர் சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுழற்றிப் பார்த்தார். திறந்திருந்த ஜன்னலுக்கு வெளியே மகளும் மீசைக்காரரும் பேருந்துக்காக நின்றிருந்தார்கள். தூரத்தில் பேருந்தின் ஹாரன் கேட்டது.

மகள் குரலைத் தாழ்த்திப் பேசினாள். ஆனாலும் ஜன்னல் வழியே ஒவ்வொரு சொல்லும் உள்ளே வந்து விழுந்தது.

"மாமா, என் பஸ் அந்த வளைவு தாண்டுற வரைக்கும் அப்பா கையில விலங்கு மாட்டிடாதீங்க. எனக்கு எதுவும் தெரியாதுன்னு அவர் நம்பிட்டிருக்காரு."