மூன்று நிமிடச் சாட்சி

"நீ வாயே திறக்க வேண்டாம் கண்ணா. அந்தப் பதிவை மட்டும் போட்டுக் காட்டு, போதும்," என்றாள் ஜூடித், மருமகன் டெஸ்மண்டின் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சியை வைத்தபடி.

செவ்வாய்க்கிழமை மாநிலத் தலைநகர் கொலம்பஸில் சட்டமன்றக் குழு கூடுகிறது. ஒருவருடைய நிறத்தைப் பார்த்து, இல்லாத ஆபத்தைச் சொல்லிப் போலீஸைக் கூப்பிடுவதும் இனி வெறுப்புக் குற்றம் என்கிற மசோதா. அது நிறைவேற ஒரே ஒரு ஓட்டுக் குறைகிறது. சாட்சி சொல்ல வருகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். ஜூடித் இரண்டு வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கி இதற்குக் கையெழுத்து வாங்கியவள்.

எட்டு வருடங்களுக்கு முன் டெஸ்மண்டைப் பார்த்துவிட்டு யாரோ ஒரு பெண் போலீஸுக்குப் போன் செய்தாள். வந்தவர்கள் அவனைக் குப்புறத் தள்ளிக் கையை முறுக்கியதில் மணிக்கட்டு உடைந்தது. இசைக்குழுவில் செல்லோ வாசித்தவன், இப்போது பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். அந்தப் போன் பேச்சின் பதிவை வக்கீல் மூலம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறான். எங்கே, எப்படி நடந்தது என்று மனைவி பெத்தனியிடம்கூடச் சொன்னதில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவான்.

"பேரைக்கூடச் சொல்லாம போனை வெச்சுட்டாளாமே," என்று பொருமினாள் ஜூடித். "இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது அவளுக்கு உன் ஞாபகம் வந்திருக்குமா?"

"வந்திருக்காது, ஜூடித்," என்றான் டெஸ்மண்ட், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். கண்கலங்கவும் செய்தாள். செவ்வாய்க்கிழமை பள்ளியில் ஒத்திகை இருக்கிறது என்றான் அவன். அது பொய் என்று பெத்தனிக்குத் தெரியும்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் பெத்தனி வெடித்தாள். இந்த வயதில் அம்மா அவனுக்காகத் தெருத்தெருவாக அலைகிறாள், அவனுக்கு மூன்று நிமிடம் எழுந்து நிற்க முடியவில்லையா என்றாள். இப்படி ஒரு கோழையோடு எத்தனை நாள் குடித்தனம் நடத்துவது என்றும் கேட்டாள்.

"யாரோ ஒரு பொம்பளை. அவளை எதுக்கு நீ காப்பாத்தணும்?"

டெஸ்மண்ட் சாவியைத் திருகவில்லை. போனை எடுத்து அவளிடம் நீட்டினான். "இதைக் கேட்டுட்டு, நான் போடணுமா வேண்டாமான்னு நீயே சொல்லு. நீ சொல்றபடி செய்யறேன்."

அவள் காதில் வைத்துக்கொண்டாள்.

"மளிகைக் கடை கார் நிறுத்தத்துல ஒரு கறுப்பன் கார் கதவை நெம்பறான். துப்பாக்கி வெச்சிருக்கான். சீக்கிரம் வாங்க."

துப்பாக்கியைக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டது எதிர்முனை.

"பார்த்தாத்தான் வருவீங்களா? அவனைப் பார்த்தாலே தெரியுதே."

"சாவியை உள்ளே வெச்சுப் பூட்டிட்டேன்," என்றான் டெஸ்மண்ட் மெதுவாக. "கையில இருந்தது சட்டை மாட்டுற கம்பி. போன் பண்ணினவங்க காரை விட்டு இறங்கவே இல்லை. என் முகத்தைச் சரியாப் பார்த்திருக்கக்கூட மாட்டாங்க. முதல் முதலா நீ என்னை இங்கே விருந்துக்குக் கூட்டிட்டு வந்தே பாரு, அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது."

பெத்தனி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

யாரோ கார்க் கண்ணாடியைத் தட்டினார்கள். மீந்த உணவை அலுமினியத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு ஜூடித் நின்றிருந்தாள்.

"என்ன, சம்மதிச்சுட்டானா?" என்று அவள் கண்ணாடிக்கு வெளியிலிருந்து கேட்டபோது, அதே குரல் பெத்தனியின் காதுக்குள், "பேரெல்லாம் எதுக்குங்க, என் பொண்ணு பஸ் நிலையத்துல காத்துக்கிட்டிருக்கா" என்று சொல்லிப் போனை வைத்தது.