சந்தி கடந்தால் சம்மதம்

"பின்னால பார்க்காமக் கையக் காட்டிட்டீங்க. ஒரு பிழை! இன்னொண்டு விட்டா இந்தக் கலியாணம் இல்ல."

பின்னால் சைக்கிளில் வந்த கஜானியின் குரல் அது.

"ரெண்டு பிழைக்கே பெயிலா? பொல்லாத ரீச்சர்தான்!" என்று சிரித்தான் பிரதீஸ்.

இரு வீட்டாருக்கும் சம்மதம். வழக்கப்படி கலியாணம் முடிந்ததும் அவன்தான் தன் ஊரான கிரானை விட்டுக் கல்லடிக்கு, அவள் வீட்டுக்கு வரவேண்டும். அதற்கும் அவன் தயார். கஜானி மட்டும் ஒரு நிபந்தனை வைத்தாள். அவள் நாள்தோறும் வேலைக்குப் போகும் வழியில், கல்லடிப் பாலத்திலிருந்து அரசடிச் சந்திவரை, அவளுடைய அண்ணனின் சைக்கிளில் அவன் ஒழுங்காக ஓடிக் காட்ட வேண்டும்.

'இந்தப் புள்ளைய விட்டா வேற ஆரும் எனக்கு வேணாம்' என்று தாயிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான் அவன்.

பாலம் கடந்ததும் காற்று குறைந்தது. வாகனங்கள் கூடின.

"நிக்கிற ஓட்டோவுக்குக் கிட்டப் போகாதீங்க. டக்கெண்டு குறுக்கால கிறுகிடுவான்."

"ஓம்."

"அந்த வான்காரன் உங்களக் கண்டானா?"

"கண்டிருப்பான்."

"கண்டிருப்பான் எண்டு நம்பினவங்கதான் கனபேர் ஆஸ்பத்திரியில கிடக்காங்க. அவன்ட முகத்தப் பாருங்க. அவனும் உங்களப் பார்த்தாத்தான் போகணும்."

பிரதீஸ் பார்த்தான். வான்காரன் தலையசைத்தான். அடுத்த சந்தியில் அவள் சொல்லும் முன்பே வேகத்தைக் குறைத்து, திரும்பிப் பார்த்து, பிறகுதான் கை காட்டினான்.

"ஆ! மாப்பிள்ளை தேறிட்டார்."

அரசடிச் சந்தி தெரிந்தது. இனி நாள் வைப்பதுதான் பாக்கி என்று அவன் நிமிர்ந்த நேரம், காதைக் கிழித்தது ஒரு ஹோன். தோளை உரசுவதுபோல் முந்திய பஸ் ஒன்று, அவனுக்குக் குறுக்கே வெட்டித் தரிப்பிடத்தில் நின்றது. பிரேக்கை இறுக்கிய பிரதீஸ் சைக்கிளோடு வீதியோரப் புல்லில் சரிந்தான்.

கஜானி ஓடிவந்து தூக்கிவிட்டாள். அவன் பஸ்ஸைப் பார்த்துக் கத்தினான்.

"மனிசனா அவன்? சைக்கிள்ல போறவன்ட உயிர் உயிரில்லையா? இப்பிடி ஓடுறவனுக்கு எவள் கழுத்த நீட்டுவாள்?"

கஜானி அவன் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"அம்மாக்கிட்டச் சொல்லி நாள் வைங்க."

"விழுந்துட்டனே... பெயில் இல்லையா?"

"இப்பதான் பாஸ்."

அவன் விளங்காமல் விழித்தான். அதற்குள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்த சாரதி, விழுந்தவனின் முகத்தைக் கண்டதும் வாயெல்லாம் பல்லானான்.

"அட, பிரதீஸ் அண்ணனா? லீவில நிண்டாலும் ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. உங்கட பஸ்ஸ நீங்க பழக்கின மாதிரியேதான் ஓடுறன்!"