வீட்டுப்பாட மூட்டை

"மறுபடியும் தப்பு! முடிச்சு படுத்துக் கெடக்கணும், இப்படி நட்டுக்கிட்டு நிக்கக் கூடாது. அவிழ்த்துட்டு முதல்லேர்ந்து கட்டுங்க!"

மிசாவோ அதட்டியதும் தோகாஷி அசடு வழியச் சிரித்தாள். அவள் ஒருத்திதான் மாணவி.

அறை வாசலில் பேப்பரும் கையுமாகக் காவல் இருந்த கென்சாகு தலையில் அடித்துக்கொண்டார். சதுரத் துணியில் சாமானை வைத்து நாலு முனையையும் கட்டுவது, அதுதான் ஃபுரோஷிகி. மாதக்கணக்கில் தன் மனைவி தொண்டை கிழியக் கத்தியும் இந்த மரமண்டைக்கு ஏறவில்லையே!

போன வருஷம் மிசாவோ பெட்டியோடு கியோத்தோவிலுள்ள தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். கென்சாகு பெட்டியைப் பிடுங்கிப் பரணில் போட்டுப் பூட்டினார். அன்றிலிருந்து வாசல் சாவி அவர் இடுப்பில். காய் வாங்கக்கூட அவளைத் தனியே விட்டதில்லை. அக்கறை என்று அதற்கு அவர் பெயர் வைத்திருந்தார். அவளுக்கோ மூச்சு முட்டியது.

அழுது மன்றாடியதால் இந்த வகுப்பு. அதுவும் வீட்டுக்குள், அவர் கண்ணெதிரே.

"டீச்சர், வழக்கம்போல ஒரு மூட்டை குடுங்களேன். வீட்டுல பழகிக்கிறேன்."

"எடுத்துட்டுப் போங்க. அப்பவாவது வருதான்னு பார்ப்போம்."

கைவீசி வருகிறவள் திரும்பும்போது மூட்டையோடுதான் போவாள். உள்ளே பழைய மெத்தை உறைகள் என்று மிசாவோ சொல்லியிருந்தாள். அடுத்தவர் கட்டிய முடிச்சை அவிழ்ப்பதா? மரியாதை விஷயத்தில் கென்சாகுவை மிஞ்ச ஆளில்லை.

டாக்ஸி வந்தது. கென்சாகு வாசல் பூட்டைத் திறந்து, மூட்டையை அவரே தூக்கிக்கொண்டு போனார். வந்தவரின் வண்டி மறையும்வரை வீட்டார் தெருவில் நின்று வணங்க வேண்டும் என்பதால் மிசாவோவும் பின்னால் வந்தாள்.

"இன்னைக்கு என்னங்க, மூட்டை பஞ்சா இருக்கு?"

"பாடம் முடியப்போகுதுங்க" என்று தோகாஷி ஏறிக்கொண்டாள்.

எதிர்வீட்டு அம்மாள் தெருவைப் பெருக்கிக்கொண்டே பார்த்தாள். கென்சாகு ஒரு குறையும் இல்லாமல் இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

நிமிர்ந்தபோது பக்கத்தில் மிசாவோ இல்லை. டிரைவர் விசையைத் தட்ட, டாக்ஸியின் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஜன்னல் கண்ணாடி இறங்கியது.

"என் துணிமணியெல்லாம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தாச்சுங்க. நான் மட்டுந்தான் பாக்கி!"