முழுப் பக்கம்

புதுச்சேரி நெல்லித்தோப்பில் பிரெஞ்சு ஆவணங்களை மொழிபெயர்க்கும் சிறிய அலுவலகம். ஜன்னல் வெயில் பட்டுப் புது அகல மானிட்டர் பளபளக்கிறது. வலேரி அதன் ஒயரைப் பிடுங்கி, மூலையில் கிடந்த பழைய சதுர மானிட்டரில் செருகுகிறாள். “இந்த டப்பாவ இன்னுமா கட்டிட்டு அழுவுற? புதுசுல ரெண்டு பக்கம் ஒண்ணா வைக்கலாமே” என்கிறார் முதலாளி சந்திரமோகன். “உயரம் பத்தாம ரெண்டும் பாதிப் பக்கம்தான் தெரியுது சார். நேத்து ஜிஸ்லேன் அக்காவோட பிரெஞ்சு பிறப்புச் சான்றுல, பின்னால நடந்த கல்யாணத்த அடியில குறிச்சிருந்தது கண்ணுல படல. மொழிபெயர்ப்புல கல்யாணம் ஆகாதவங்கன்னு எழுதிட்டேன்.” பெஞ்சில் கணவரோடு காத்திருக்கும் ஜிஸ்லேன், “அப்படியே விட்டுடும்மா, நிம்மதியா இருக்கும்” என்கிறாள். கணவர் விசிறியை நிறுத்தி முறைக்கிறார். “கீழ தள்ளிப் பாத்திருக்கணும்” என்கிறார் சந்திரமோகன். “பாத்திருக்கணும். தப்பு என்னுது. கையெழுத்தும் என்னுது. எதுல பாக்கணும்னு நான்தான் சொல்லணும்.”

பழைய திரை மெல்ல வெளிச்சம் பெறுகிறது. சான்றிதழ் தலை முதல் கால் வரை நிற்கிறது, கடைசி வரியில் கல்யாணத்தோடு. சந்திரமோகனின் கை ஒயரை நோக்கி நீள்கிறது. வலேரி ஒயர்மேல் இடது கையை அழுத்தி வைக்கிறாள். அதை எடுக்காமலே, வலது கையின் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறாள்: திருமணமானவர்.