மூக்குக் குவளை

செக் நாட்டு மருத்துவ ஊற்று நகரமான கார்லோவி வாரியின் தூண் மண்டபத்தில் மாலை வெயில் பட்டை பட்டையாக விழுகிறது. வேஃபர் பிஸ்கட் சுடும் என் கடையைத் தாண்டி டாலிபோரும் லுட்மிலாவும் ஐந்தாம் முறையாக நடக்கிறார்கள். ஊற்று நீரை நடந்துகொண்டேதான் உறிஞ்ச வேண்டும். குவளை தீர்ந்தால் நடையும் முடிந்தது. சிகிச்சைக்கு வந்த இடத்தில் பழகி, மூன்று வாரமாக அவசரமாய்க் குடித்துவிட்டு முகம் சுளித்தவர்கள். நாளைக் காலை லுட்மிலா ஊர் திரும்புகிறார்.

“துருப்பிடிச்ச ஆணிய ஊறவச்ச தண்ணி மாதிரி இருக்குங்க,” என்கிறார் டாலிபோர்.

“அப்ப சீக்கிரம் குடிச்சு முடிக்க வேண்டியதுதானே?”

“மொதல்ல நீங்க முடிங்க.”

லுட்மிலா சிரித்தபடி குவளையின் மூக்கை உதட்டில் வைக்கிறார். என் கடையருகே திரும்பும்போது அவர் கை தடுமாறுகிறது. குவளை தலைகீழாகச் சாய்ந்தும் ஒரு சொட்டு விழவில்லை. டாலிபோர் அதைப் பார்க்கிறார். எப்போதோ காலியான தன் குவளையைத் தூக்கி, நிதானமாக உறிஞ்சுகிறார்.