சீமைப்பலா இலைக்கு அடியில்

தகரக் கூரை வெயிலில் சடசடக்கிறது. வாவாவு தீவில் தான் படித்த அதே வகுப்பில், கடைசி பெஞ்சில், முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறாள், புத்தகம் எழுதிப் பேர் வாங்கிவிட்ட லெசியெலி. அன்று பக்கத்தில் உட்கார்ந்து தொடையைக் கிள்ளிய ஃபூசிதான் இன்று இங்கே டீச்சர். ஓர் எழுத்தாளரின் வரியைக் கரும்பலகையில் எழுதி, ஒரு சொல்லை மட்டும் சீமைப்பலா இலை ஒட்டி மறைத்து, உள்ளே என்ன இருக்கும் என்று பிள்ளைகளைக் கேட்கும் பழைய விளையாட்டு மாறவேயில்லை. மரவள்ளிப் பசையின் புளித்த வாசனைகூட அதேதான். இன்றைய வரி லெசியெலி எழுதியது: 'அப்பா ஏறிய கப்பல் மெல்ல மெல்ல...' அதற்கப்புறம் இலை. "மூழ்கிருச்சு!" என்கிறான் ஒருவன். "உன் வாயில நல்லதே வராதாடா?" என்று சிரிக்கிறாள் ஃபூசி. "மறைஞ்சிருச்சு" என்று நாலைந்து குரல்கள் எழ, லெசியெலி தலையாட்டுகிறாள். அவள் போட்ட சொல் அதுதான். ஜன்னலோரத்தில் மெலெஆனே மட்டும் இன்னும் கையைத் தூக்கியபடி இருக்கிறாள். அவளுடைய அப்பா போன மாதம்தான் கப்பலேறி நியூசிலாந்துத் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போனார். "சின்னதாயிருச்சு, டீச்சர். மறையறதுக்குள்ள அம்மா என்னைய வீட்டுக்கு இழுத்துட்டு வந்துட்டாங்க." லெசியெலியின் மணிக்கட்டில், என்றோ பிடித்த அவள் அம்மாவின் பிடி மறுபடி இறுகுகிறது. அப்பா கப்பலேறிய அன்று துறைமுகத்திலிருந்து அவளையும் அப்படித்தான் அம்மா இழுத்து வந்தார். கப்பல் மறைந்ததை அவளும் பார்க்கவில்லை. ஃபூசி இலையின் ஓரத்தை நகத்தால் கிளப்புகிறாள். "பிரிக்காதடி" என்று எழுந்து போய், அந்த இலையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள் லெசியெலி.